கொல்கத்தாவில் ஒரு வாரம்: சேலை, சங்கீதம், பார்க் ஸ்ட்ரீட். பூஜைக்குப் போவதா, ஜனவரியில் போவதா?

காவிரிக்கரை வாசுகி
வணக்கம். நானும் கணவரும் 22 வயது மகளும் ஒரு வாரம் கொல்கத்தா போவதாக இருக்கிறோம். மூவருக்கும் மூன்று ஆசை. எனக்குச் சேலையும் சங்கீதமும். அவருக்கு அருங்காட்சியகமும் பழைய புத்தகக் கடையும். மகளுக்கு இரவில் வெளியே போய் இசைக்குழு வாசிப்பதைக் கேட்க வேண்டும். எட்டு மணிக்கே அறைக்குள் அடைப்பதாக இருந்தால் வரவே மாட்டாளாம். அக்டோபரில் துர்கா பூஜைக்குப் போவதா, ஜனவரி கடைசியில் போவதா என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம் நடக்கிறது. இணையத்தில் தேடினால் விக்டோரியா நினைவகம், ஹௌரா பாலம், ரசகுல்லா என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். அங்கே இருப்பவர்களும் போய்வந்தவர்களும் சொல்லுங்கள். எங்களுக்கு இந்தி அரைகுறை, வங்காளம் சுத்தமாகத் தெரியாது.

நிலாமுற்றம்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பூஜைக்குப் போங்கள். 2021இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த திருவிழா. சஷ்டி முதல் நவமி வரை ஊர் தூங்குவதில்லை. மெட்ரோ இரவு முழுவதும் ஓடும். பிறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னிரவு இரண்டு மணிக்குப் பந்தல் பார்க்க வரிசையில் நிற்கும் குடும்பங்களை வேறு எந்த ஊரில் பார்ப்பீர்கள்? வடக்கே பாக்பஜாரில் பழைய பாணி: ஒரே சட்டத்துக்குள் துர்கையும் நான்கு பிள்ளைகளும். சோபாபஜார் ராஜ்பாரியில் 1757 முதல் நடக்கும் வீட்டுப் பூஜை. தெற்கே வந்தால் ஒவ்வொரு பந்தலும் ஒரு கலைக் கண்காட்சி. மூங்கிலும் துணியும் மண்குடமுமாகக் கோட்டை கட்டிவைத்திருப்பார்கள். உங்கள் மகள் கேட்கும் இரவு இதுதான்.

லேக் மார்க்கெட் சுந்தரம்
நிலாமுற்றம் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. ஆனால் வாசுகி அம்மா கேட்டது மூன்று பேருக்கு. இது ஒருவருக்கான பதில்.

பாதி வாழ்க்கையை இந்த ஊரில் கழித்தவன் சொல்கிறேன். பூஜை நாட்களில் அலுவலகமும் புத்தகக் கடையும் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். சேலை வாங்கும் கூட்டம் பூஜைக்கு முந்தைய வாரங்களிலேயே கடைகளைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும். ஓட்டல் வாடகையைக் கேட்டால் மயக்கம் வரும். கரியாஹாட்டில் அரைக் கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் நீங்கள் நடக்க மாட்டீர்கள், கூட்டம் உங்களை நடத்திப்போகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தண்டனை.

ஜனவரி கடைசி என்றால் கதையே வேறு. வெயில் இதமாக இருக்கும், இரவில் சால்வை வேண்டும். ஈச்சம்பனையிலிருந்து புதிதாக இறக்கிக் காய்ச்சும் நோலன் குர் வெல்லம் குளிர்காலத்துக்கு மட்டும் உரியது. அது போட்ட சந்தேஷ் இனிப்பை வேறு மாதத்தில் கேட்டால் கடைக்காரர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். சால்ட் லேக்கில் புத்தகக் கண்காட்சி தொடங்கும் சமயம். எல்லாவற்றுக்கும் மேலாக டோவர் லேன் இசை மாநாடு.

இரவுராஜா
இரவு வாழ்க்கைக்குக் கொல்கத்தாவா? அது ரிட்டயரானவர்கள் டீ குடித்துக்கொண்டு அரசியல் பேசும் ஊர். மகளுக்காகப் போவதென்றால் மும்பைக்கோ பெங்களூருவுக்கோ போங்கள்.

மகரயாழ்
இரவுராஜா, நீங்கள் கடைசியாக எந்தக் காலத்தில் இங்கே வந்தீர்கள்? நான் சால்ட் லேக் செக்டார் ஐந்தில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் எங்கள் கூட்டம் முழுக்கப் பார்க் ஸ்ட்ரீட்டில்தான் இருக்கும்.

வாசுகி அக்கா, உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்: பார்க் ஓட்டலுக்குள் இருக்கும் சம்பிளேஸ் எல்ஸ் சிறிய இடம், ஆனால் ராக், ப்ளூஸ் குழுக்கள் நேரடியாக வாசிப்பதற்கே பெயர் போனது. மேடைக்கும் மேசைக்கும் நடுவே நாலடி கூட இருக்காது. கிடார்க்காரர் கம்பி மாற்றுவதையும் சேர்த்துப் பார்க்கலாம். அதே தெருவில் டிரிங்காஸ். 1960களின் இறுதியில் காஞ்சிபுரம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஒரு தமிழ்ப்பெண் மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடி இந்தத் தெருவையே தன் பக்கம் திருப்பினார். அவர்தான் உஷா உதுப். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மவுண்ட் ரோட்டில் பாடத் தொடங்கி இங்கே வந்தவர். டிரிங்காஸில் இன்றும் இரவில் பாட்டு உண்டு. நடுத்தர வயதுக்காரர்கள் மேசையைத் தட்டிக்கொண்டு கூடவே பாடுவார்கள், அதனால் நீங்களும் உங்கள் கணவரும் தயங்காமல் போகலாம்.

பீட்டர் கேட்டில் செலோ கபாப் சாப்பிட வேண்டுமென்றால் பசி வருவதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். தட்டில் வெண்ணெய் வைத்த சோறு, மேலே முட்டை, பக்கத்தில் கபாப். நான் மொகாம்போ கட்சி. ஆனால் இதில் இந்த ஊரில் அண்ணன் தம்பியே பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்வார்கள்.

இரண்டு எச்சரிக்கை. மாநிலத்தில் மது அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டையைக் கேட்பார்கள். ஜனவரி 26 அன்று எங்கும் மது கிடையாது; பல இடங்கள் அன்று களையிழந்து கிடக்கும். அந்த இரவை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

லேக் மார்க்கெட் சுந்தரம்
வேறு எதற்கு என்று நான் சொல்கிறேன். டோவர் லேன் மாநாடு வழக்கமாக ஜனவரி 22 முதல் 25 வரை நடக்கும். 25 இரவு உட்கார்ந்தால் 26 காலைதான் எழுந்திருப்பீர்கள். அப்புறம் பகல் முழுக்கத் தூங்குங்கள், மது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

1952இல் பாலிகஞ்ச் பக்கம் ஒரு சந்தில் பந்தல் போட்டுத் தொடங்கியது. இப்போது ரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டிய நஸ்ருல் மஞ்சத்தில் நடக்கிறது. பீம்சேன் ஜோஷி, விலாயத் கான், நிகில் பானர்ஜி எல்லோரும் அமர்ந்த மேடை. இரவு தொடங்கி விடியும் வரை கச்சேரி. சென்னை மார்கழியில் ஒன்பது மணிக்கு மங்களம் பாடி முடித்துவிடுகிறோம் அல்லவா? இங்கே ஒன்பதுக்கு மேல்தான் அரங்கமே சூடு பிடிக்கும்.

இந்துஸ்தானியில் ராகத்துக்கு நேரம் உண்டு. மாலைக் கச்சேரிகளிலேயே பழகிய காதுக்கு விடிகாலை ராகங்கள் மேடையில் கிடைப்பது அபூர்வம். இங்கே நள்ளிரவைத் தாண்டினால் தர்பாரி, மால்கௌன்ஸ். கிழக்கு வெளுக்கும்போது லலித், பைரவ். நமக்கும் அந்நியமில்லை. மால்கௌன்ஸ் கேட்டால் ஹிந்தோளம் ஞாபகம் வரும். பைரவ் கேட்டால் மாயாமாளவகௌளை. சால்வை போர்த்திய தாத்தா ஒருவர் மங்கி தொப்பிக்குள் உறங்குவது போலத் தலையைத் தொங்கப் போட்டிருப்பார். தபலாக்காரர் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும் அந்த நொடியில் அவர் கை மட்டும் எழுந்து வெட்டிவிட்டு மடியில் விழும். இடைவேளையில் மண் குவளையில் டீயும் மீன் வறுவலும். இதுதான் ஐயா எங்கள் இரவு வாழ்க்கை.

இரவுராஜா
கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து தூங்குவதை இரவு வாழ்க்கை என்று சொன்னால் எங்கள் தெரு வாட்ச்மேன்தான் பெரிய இரவுப்பறவை.

நிலாமுற்றம்
காலை ஆறு மணி வரை திறந்திருக்கும் கிளப் ஒன்றை பெங்களூருவில் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

மகரயாழ்
எனக்கு இந்துஸ்தானி ஒன்றும் தெரியாது. சென்ற ஆண்டு அறைத்தோழி இழுத்துக்கொண்டு போனாள். பின்னிரவு மூன்று மணிக்கு சரோத் ஆலாபனை, அரங்கத்தில் இருமல் சத்தம் கூட இல்லை. சுந்தரம் ஐயா சொல்வதில் மிகை இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு நான்கு இரவும் இதுதான் என்று சொல்லிவிடாதீர்கள். ஓர் இரவு பார்க் ஸ்ட்ரீட், ஓர் இரவு இங்கே.

காவிரிக்கரை வாசுகி
மகளிடம் படித்துக் காட்டினேன். "விடிய விடிய" என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது, "கச்சேரி" என்றதும் பாதி வாடிவிட்டது. பாதுகாப்பு எப்படி? நள்ளிரவுக்கு மேல் திரும்பி வருவது பற்றித்தான் அவள் அப்பாவுக்குக் கவலை.

மகரயாழ்
நேராகச் சொல்கிறேன் அக்கா. பார்க் ஸ்ட்ரீட், கேமாக் ஸ்ட்ரீட், தெற்குக் கொல்கத்தாவின் பெரிய சாலைகள் நள்ளிரவிலும் ஆள் நடமாட்டத்தோடு இருக்கும். நான் தனியாகவே போய்வருகிறேன். அதற்காக, "இந்தியாவிலேயே பாதுகாப்பான பெருநகரம்" என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ளும் மனநிலையில் இங்கே எந்தப் பெண்ணும் இப்போது இல்லை. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவில் இரவும் எங்களுடையதுதான் என்று சொல்லி நகரமெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். நானும் நடந்தேன். கூட்டத்தில் பாட்டிகள் இருந்தார்கள், பள்ளிச் சீருடையோடு சிறுமிகள் இருந்தார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். மெட்ரோ இரவு பத்து, பத்தரையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் செயலியில் கார் பிடியுங்கள். மாநில அரசு ஆதரவில் யாத்ரி சாத்தி என்ற செயலி இருக்கிறது, மஞ்சள் டாக்சியும் அதில் வரும். கூட்டமாக வெளியே வரும் நேரத்தில் தெருவில் நின்று பேரம் பேசாதீர்கள். ஓட்டலைப் பார்க் ஸ்ட்ரீட் பக்கம் எடுத்தால் பாதி கவலை தீர்ந்தது.

சாயப்பட்டறை
சேலை பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே! நான் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் ஜாம்தானி. "டாக்கா ஜாம்தானி" என்று கடைக்காரர் விரித்ததும் முந்தானையைப் பார்க்காதீர்கள், புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கையால் நெய்ததில் ஒவ்வொரு பூவுக்கும் தனி நூலை ஊடைக்கு நடுவே விரலால் செருகியிருப்பார்கள். அந்த நூல் பூ முடியும் இடத்தில் திரும்பிவிடும், அதனால் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே இருக்கும். விசைத்தறியில் நூல் கரையிலிருந்து கரை வரை ஓடும். நடுவில் இருப்பதைக் கத்தரித்துவிடுவார்கள், பின்னால் மீசை முளைத்தது போல நூல்முனை நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் கடைக்காரர்கள் உங்களிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

அடுத்து தாந்த் பருத்தி. புதிதில் கஞ்சி விறைப்பில் அப்பளம் போல நிற்கும். பயந்துவிடாதீர்கள், இரண்டு சலவையில் மெத்தென்று ஆகிவிடும். நம் ஊர் வெயிலுக்கு இதை அடிக்க வேறு சேலை கிடையாது. சாந்திபூர், ஃபூலியா, பேகம்பூர் என்று ஊர் பெயர் கேட்டு வாங்குங்கள். ஃபூலியா நெசவாளர்களில் பலர் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தின் டாங்காயிலிலிருந்து வந்த குடும்பத்தார். தறியோடு கரை வேலைப்பாடும் வந்து சேர்ந்தது.

பணம் போட்டு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் பாலுச்சரி. பிஷ்ணுபூரில் நெய்யும் பட்டு. முந்தானையில் கட்டம் கட்டமாக ராமாயணம், மகாபாரதக் காட்சிகள். பழைய பாணியில் ஹூக்கா பிடிக்கும் நவாபும் உண்டு. ஜரிகை இல்லாமல் பட்டு நூலிலேயே உருவம் வருவதுதான் அழகு. ஜரிகையில் வந்தால் ஸ்வர்ணசரி என்பார்கள். காஞ்சிபுரத்தின் கனத்தை எதிர்பார்க்காதீர்கள், இது உடம்போடு வழியும்.

காந்தா வேலைப்பாடு கை ஊசி என்றால் ஓடுதையல். முன்னும் பின்னும் ஒரே மாதிரி சிறு சிறு புள்ளியாக இருக்கும். தையல் எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் அது மெஷின்.

காவிரிக்கரை வாசுகி
சாயப்பட்டறை, உங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு! எங்கே வாங்குவது? கரியாஹாட்டா, நியூ மார்க்கெட்டா?

சாயப்பட்டறை
கண் பழகும் வரை அரசுக் கடை: தந்துஜா, மஞ்சுஷா. விலை நிர்ணயம், பேரம் இல்லை, ஏமாற்று இல்லை. டாகுரியா பக்கம் தக்ஷிணாபண் வளாகத்தில் பல மாநிலங்களின் கைத்தறிக் கடைகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. அங்கே விலையை மனத்தில் குறித்துக்கொண்டு பிறகு கரியாஹாட் போங்கள். நடைபாதைக் கடையில் பாதியில் தொடங்கிப் பேசலாம், உள்ளே பெரிய சேலைக் கடைகளில் பேச முடியாது. வங்காளப் புத்தாண்டுக்கு முன் சைத்ர மாதத் தள்ளுபடி அங்கே அமர்க்களப்படும், ஆனால் அது உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது.

நியூ மார்க்கெட்டில் சேலை வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

லேக் மார்க்கெட் சுந்தரம்
நியூ மார்க்கெட்டைச் சேலைக்காக ஒதுக்கலாம், ஊருக்காக ஒதுக்கக் கூடாது. 1874இல் திறந்த சந்தை, சிவப்புச் செங்கல், மணிக்கூண்டு. உள்ளே நுழைந்ததும் மூங்கில் கூடையோடு ஒருவர் "என்ன வேண்டும்?" என்று கூடவே வருவார். சுமை தூக்க மட்டும் என்று நினைக்காதீர்கள்; அவர் கூட்டிப்போகும் கடையில் அவருக்கும் பங்கு உண்டு. அது உங்கள் விலையில் ஏறும். வேண்டாம் என்று ஒரு முறை சொல்லிவிட்டு நேராக நஹூம் அடுமனைக்குப் போங்கள். பாக்தாதி யூதர் ஒருவர் 1902இல் தொடங்கியது. பழைய மர அலமாரி, கண்ணாடிப் பெட்டி. பழக் கேக் ஒன்றை முழுதாக வாங்கிவிடுங்கள், ஊர் போய்ச் சேரும் வரை கெடாது.

கூத்தன்குளம்
வாசுகி அம்மாவின் கணவர் தரப்பில் ஆஜராகிறேன். காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். ஞாயிறு வேண்டாம், பெரும்பாலும் அடைத்திருக்கும். மகாத்மா காந்தி ரோடு மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். நடைபாதை நெடுகக் கூரை உயரத்துக்குப் புத்தகம். பெயரைச் சொன்னால் கடைக்காரர் கணினியைப் பார்க்காமல் நேராகக் கையை விட்டு உருவுவார். அவரிடம் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்கு ஒரு பையனை ஓடவிடுவார்.

களைத்தால் மாடியில் காபி ஹவுஸ். பழைய ஆல்பர்ட் ஹால், 1942இல் காபி ஹவுஸ் ஆனது, ஊழியர் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது. தலைப்பாகை கட்டிய பரிமாறுநர் வரும்போது வருவார். ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பால் சேர்க்காத கட்டங்காப்பிக்கு அங்கே இன்ஃபியூஷன் என்று பெயர். காபியைக் குறைசொல்லி இங்கே வந்து எழுதாதீர்கள், அது காபிக்காகப் போகும் இடமில்லை.

லேக் மார்க்கெட் சுந்தரம்
காபிக்கு எங்கள் லேக் மார்க்கெட் பேட்டைக்கு வாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கும் பகுதி. வாழைத்தண்டு, கருவேப்பிலை, டிகிரி காபித் தூள் எல்லாம் சந்தையிலேயே கிடைக்கும். காளிகாட் மெட்ரோவில் இறங்கினால் போதும்.

கூத்தன்குளம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திங்கட்கிழமையை வெளியே சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். 1814இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவகக் காட்சிக்கூடம், ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு மூன்றுக்கும் அன்று விடுமுறை. இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் ஸ்தூபியின் கல்வேலியை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். எகிப்து மம்மியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், கல்வேலி உங்களுக்கே உங்களுக்கு.

நிலாமுற்றம்
டிராமை மறந்துவிட்டீர்களே. 1873இல் குதிரை இழுத்த காலம் முதல் ஓடுகிறது. 2024இல் மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு தடத்தைத் தவிர மற்றதை நிறுத்தப்போவதாக அரசு சொல்லிவிட்டது. ஓடுவதைக் கண்டால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறிவிடுங்கள்.

இரவுராஜா
அவசரமே இல்லாதவர்களுக்கு அருமையான வாகனம். நான் 2024இல் திறந்த, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் போவேன்.

மகரயாழ்
அதில் போகும்போது ஜன்னலில் நீல விளக்கு தெரியும், அவ்வளவுதான். திரும்பும்போது படகில் வாருங்கள். ஹௌராவிலிருந்து பாபுகாட்டுக்குச் சில ரூபாய்தான் டிக்கெட். பாலம் முழுதாகத் தெரியும், பாலத்தடியில் மல்லிக்காட் பூச்சந்தையும் தெரியும்.

இன்னொன்று. சென்னையிலிருந்து கோரமண்டலில் வருவதாக இருந்தால் அது இப்போது ஹௌராவுக்கு வருவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடும். அங்கிருந்து வண்டி பிடிப்பது சற்றுச் சிரமம். ஹௌரா மெயில் ஹௌராவுக்கே வரும்.

காவிரிக்கரை வாசுகி
முடிவாகிவிட்டது, ஜனவரி. மகள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: டோவர் லேனுக்கு அவள் வருவாள், பதிலுக்கு சம்பிளேஸ் எல்ஸுக்கு அவள் அப்பா வர வேண்டும். அவரும் தலையாட்டிவிட்டார், என்ன இடம் என்று இன்னும் விளக்கவில்லை. கடைசிக் கேள்வி: ஒரு நாள் சாந்திநிகேதன் போய்வரலாமா?

சாயப்பட்டறை
போகாமல் வராதீர்கள். சனிக்கிழமை சோனாஜுரி மரங்களுக்கு நடுவே கூடும் சந்தையில் காந்தா சேலை, தோல் பை, சுடுமண் நகை எல்லாம் தரையில் விரித்திருக்கும். பக்கத்திலேயே பாவுல் என்னும் நாடோடிப் பாடகர்கள். விலை கேட்கும்போது பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தை அங்கேயும் விடாதீர்கள்.

கூத்தன்குளம்
போல்பூர் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஹௌராவிலிருந்து காலையில் ரயில் இருக்கிறது. புதன்கிழமை தாகூர் தொடங்கிய விசுவபாரதி பல்கலைக்கழகத்துக்கு வார விடுமுறை, அன்று போனால் வெளியே நின்று மரம்தான் பார்க்கலாம்.

லேக் மார்க்கெட் சுந்தரம்
சனிக்கிழமை போவதென்றால் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள், குளிர்காலத்தில் பாதி கொல்கத்தா அந்த ரயிலில்தான் இருக்கும். டோவர் லேனுக்கு ஒருநாள் டிக்கெட்டும் கிடைக்கும். கலைஞர் பட்டியல் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், பார்த்துவிட்டு எந்த இரவு என்று முடிவு செய்யுங்கள்.